மோட்டார் பாதையில் அப்பாவின் ஆர்.எக்ஸ்.இசட்

கிள்ளான் மேரு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கடைவரிசை இருக்கிறது. முனையில் ரொட்டி சானாய் கடை, அடுத்து ஒரு சீனரின் டயர் கடை, அதற்கும் அடுத்து நான் தேடிப்போன மோட்டார் பட்டறை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. வழி கேட்டபோது டயர் கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எண்ணெய் வாசனை வருதுல்ல, அங்கதான்" என்றார்.

அது டூ ஸ்ட்ரோக் எண்ணெய் எரியும் வாசனை. நாற்பதைத் தொடப்போகும் என் வயதுக்காரர்களுக்கு அந்த வாசனையே ஒரு ஊர். நீலப் புகை, பள்ளி வாசலில் காத்திருக்கும் மாமாக்கள், மழைக்கோட்டு. இப்போது சாலையில் அது அபூர்வம்.

பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ்.இசட்டை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். கூடவே என் தம்பி. வலது மணிக்கட்டில் அறுவை செய்த தழும்பு. வண்டியை இறக்கும்போது அவன் வாயைத் திறக்கவே இல்லை. பட்டறை அண்ணன் உதைக்கும் கம்பியைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். இறுகிப்போய் அசையவில்லை.

"எங்க ஜாம் ஆச்சு?"

"மோட்டார் பாதையில அண்ணே. பத்து தீகா தாண்டி."

"எத்தனைல போன?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். "நூத்திப் பத்து" என்றான். அண்ணன் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. குறைத்துச் சொல்கிறான் என்று நினைத்தாரோ, கூட்டிச் சொல்கிறான் என்று நினைத்தாரோ.

அந்த வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் அப்பா அதைத் தவணையில் வாங்கினார். அப்போது நாங்கள் கிள்ளானில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்குச் சுபாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய மோட்டார் பாதையில் தினமும் போக வர, இருபது ஆண்டுகளுக்கு மேல். பிறகு தாமான் ஸ்ரீ மூடாவில் வீடு வாங்கினோம். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி அங்கே என்ன நடந்தது என்பதைச் சிலாங்கூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மாடியில் இருந்தோம். வண்டி கீழே தண்ணீருக்குள் இருந்தது. வெள்ளம் வடிந்தபின் குளிர்பெட்டி, சோபா, என் கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் லாரியில் குப்பைக்குப் போயின. ஆர்.எக்ஸ்.இசட்டை ஏற்ற வந்தவர்களை மட்டும் அப்பா கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

தம்பிதான் அதை மீட்டான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. உணவு விநியோக வேலையில் சேர்த்த காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாகம் வாங்கி ஓடவைத்தான். ஓடியதோடு விட்டிருக்கலாம். பழைய எக்சோஸைக் கழற்றி மாடிப்படியின் கீழே போட்டுவிட்டு, பளபளவென்று ஒரு சேம்பர் வாங்கிப் பூட்டினான். காற்று வடிகட்டியின் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த வடிகட்டி ஒன்றை மாட்டினான். "இப்பத்தான் மூச்சு விடுது" என்றான். நள்ளிரவு ஒரு மணிக்கு அவன் வீடு திரும்பும்போது தெருவே மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தது. எதிர்வீட்டுப் பாட்டி மறுநாள் அம்மாவிடம், "பையன் பத்திரமா வந்துட்டான்னு எனக்கும் தெரிஞ்சிடுது" என்று சொன்னாராம். திட்டினாரா வாழ்த்தினாரா என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை.

அன்று பட்டறையில் எனக்குக் கிடைத்த பாடத்தை உங்களுக்கும் சொல்ல ஆசை. வானொலியில் வேலை செய்பவள், ஒலி பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் எக்சோஸ் குழாய்க்குள் ஒலி வேலையும் செய்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் நான்கு ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்களைப் பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியே போகும் வாசலும், புதிய பெட்ரோல் காற்றுக் கலவை உள்ளே வரும் வாசல்களும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் புதிதாக வந்த கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் வயிறு பருத்த அந்தக் குழாய். புகை வெளியேறும்போது கிளம்பும் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அலை திரும்பி வந்து உறிஞ்சுகிறது. மிச்சப் புகையும் இழுபட்டு வெளியே வந்துவிடும். பிறகு குழாய் குறுகும் இடத்தில் இன்னோர் அலை திரும்பி வந்து தள்ளுகிறது. வெளியே ஓடிய நல்ல கலவையை வாசல் மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள் திரும்ப அடைக்கிறது.

"அதாவது குழாய்க்குள்ள ஒரு எதிரொலி" என்றேன்.

"ஆமா தங்கச்சி. ஆனா எதிரொலி நேரத்துக்கு வரணும்."

அந்த நேரம் எவ்வளவு என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஏழரைப் பங்குதான். அதிலும் சுமார் பாதி நேரமே புகை வாசல் திறந்திருக்கும். அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். குழாய் சில அங்குலம் நீண்டாலும் குறைந்தாலும் அலை தாமதமாகவோ சீக்கிரமாகவோ வந்து சேரும். அதனால்தான் சேம்பர் பூட்டிய வண்டி ஒரு குறிப்பிட்ட வேகம் வரை செத்ததுபோல் இருந்துவிட்டு, திடீரென்று யாரோ முதுகில் உதைத்ததுபோல் பாய்கிறது. உயர்ந்த சுற்றுக்கு அளவெடுத்த குழாய், கீழ்ச்சுற்றில் வலுவைத் தின்றுவிடும். போக்குவரத்து விளக்கில் நின்று நின்று போகிறவனுக்கு இதனால் என்ன லாபம்? அண்ணனிடம் கேட்டேன். "சத்தம்" என்றார்.

இந்தக் குழாயின் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்றொரு பொறியாளர் இருந்தார். போர்க்காலத்தில் பீனமுண்டே ராக்கெட் நிலையத்தில் வேலை பார்த்தவர். காசும் பாகங்களும் பஞ்சமான ஒரு பட்டறையில், ஆசிலோஸ்கோப் வைத்துக் குழாயின் அதிர்வுகளைப் படித்து, 1961-இல் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கு. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிப்போய் சுஸூகியில் சேர்ந்தார். கையோடு அந்த அறிவையும் கொண்டுபோனார். 1962-இல் சுஸூகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம் கிடைத்தது. ஜப்பானியர்களின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகெங்கும் பறந்தன. அதில் ஒன்றுதான் 133 சி.சி. கொண்ட நம்ம ஆர்.எக்ஸ்.இசட். 2011-இல் தயாரிப்பு நின்ற பிறகும் அதன்மேல் இந்த நாட்டுக்கு உள்ள மோகம் குறையவில்லை. திரெங்கானுவில் நடக்கும் ஆர்.எக்ஸ்.இசட் கூட்டங்களின் காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, எங்கள் வண்டி ஏன் ஜாம் ஆனது? அண்ணன் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிஸ்டனின் புகைவாசல் பக்கம் செங்குத்தாகக் கீறல்கள், அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டிய தடம். பிளக்கைக் கழற்றித் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். நுனி வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்பு பூசியதுபோல.

"இது கோப்பித்தூள் நிறத்துல இருக்கணும். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். காத்து வர்ற வழியைப் பெருசாக்கின, போற வழியைப் பெருசாக்கின. ஜெட்டை மாத்தினியா?"

தம்பி மாற்றவில்லை. காற்று அதிகமாகி, பெட்ரோல் அதே அளவில் இருந்தால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூடாக எரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, உள்ளே போகும்போது பிஸ்டனைக் குளிர்விப்பதும் அதுதான். நேரான சாலையில் முழு முறுக்கில் நீண்ட தூரம் போனால் பிஸ்டன் வீங்கும், எண்ணெய்ப் படலம் கிழியும், இரும்பும் அலுமினியமும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்தால் தப்பிக்கலாம். அதனால்தான் பழைய ஆர்.எக்ஸ்.இசட்காரர்கள் இடது கையின் இரண்டு விரல்களை எப்போதும் கிளட்ச்சின்மேல் வைத்திருப்பார்கள். அப்பாவின் விரல்கள் இன்றும் நாற்காலிக் கையில் அப்படித்தான் இருக்கும். தம்பிக்கு அது தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான்.

அண்ணனின் வேறொரு மேசையில் ஒரு இளைஞனின் ஒய்15 பிரிந்து கிடந்தது. இன்றைய பையன்களின் கனவு வண்டி. நான்கு ஸ்ட்ரோக், 57 மில்லிமீட்டர் பிஸ்டன், 150 சி.சி. அதில் 62 மில்லிமீட்டர் புளோக் போட்டால் கொள்ளளவு 177 சி.சி. ஆகிவிடும். அதோடு கேம், பெரிய திராட்டல் பாடி, இ.சி.யூ. என்று செலவு வால்போல் நீளும். வலு உண்மையிலேயே கூடும், அதில் பொய் இல்லை. ஆனால் பதிவில் உள்ள எண் 150, ரோட்டில் ஓடுவது 177. 150 சி.சி. வரை மோட்டார்களுக்குச் சாலை வரி 2023-இல் இருந்து கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜே.பி.ஜே.யிடம் சொல்லாமல் செய்த மாற்றத்தை விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் முதலில் கண்டுபிடிப்பார். அந்த வண்டி ஓட்டப் பந்தயத் திடலுக்கு மட்டும் போகிறது என்று அண்ணன் சொன்னார். நம்புவோம்.

பிறகுதான் நான் காரியத்தைச் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய எக்சோஸையும் வேனில் கொண்டுவந்திருந்தேன். அதையே மாட்ட வேண்டும். தம்பி முதல்முறையாகக் குரல் உயர்த்தினான். "அக்கா, அது அடைச்சுப் போச்சு. சேம்பருக்கு ஜெட் மாத்தினா போதும்."

அவன் சொன்னது தவறில்லை. அண்ணனும் தலையாட்டினார். சரியான ஜெட், சரியான எண்ணெய், கொஞ்சம் அடக்கும் சைலன்சர் என்று முறையாகச் செய்தால் சேம்பரோடும் வண்டி பத்திரமாக ஓடும். நான் நிலையத்திலிருந்து இரவல் வாங்கிவந்த ஒலி அளவுமானியை எடுத்தேன். பட்டறையில் நின்ற வேறோர் ஆர்.எக்ஸ்.இசட்டில் அதே மாதிரி சேம்பர் இருந்தது. இன்னொன்றில் ஒரிஜினல். அரை மீட்டர் தள்ளி நின்று இரண்டையும் ஒரே அளவு முறுக்கச் சொல்லி அளந்தேன். ஒரிஜினல் 91, சேம்பர் 104 டெசிபெல்.

"பதிமூணுதானே வித்தியாசம்" என்றான் தம்பி.

டெசிபெல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. பத்து கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. பதிமூன்று கூடினால் இருபது மடங்கு. நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெலுக்கு மேல் கேட்டால் காதுக்கு ஆபத்து என்பதுதான் வேலையிடங்களுக்கான வரம்பு. மூன்று டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது என்பது ஒலிப்பதிவு அறையில் எங்களுக்குச் சொல்லித் தரும் விதி. அவன் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சாலையில் இருக்கிறான். அப்பாவுக்குக் காது எப்படிப் போனது என்று அவனுக்கும் தெரியும். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே நின்று, முதலில் மேல்ஸ்தாயி போனது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கும். அதாவது மெய்யெழுத்துகள் போகும். என் நிகழ்ச்சியை அப்பா தினமும் போடுகிறார். சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கேட்கிறார். "நீ பேசுறது கேக்குது, என்ன பேசுறேன்னுதான் தெரியல" என்பார் சிரித்துக்கொண்டே. ஆர்.எக்ஸ்.இசட்டின் அடிக்குரல் மட்டும் அவருக்கு இன்னும் கேட்கும்.

இதையெல்லாம் நான் பட்டறையில் சொல்லவில்லை. "இருபது மடங்கு" என்று மட்டும் சொன்னேன். தம்பி வெளியே போய் ரொட்டிக் கடையில் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் ஒரிஜினல் எக்சோஸைப் பிரித்து, காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தார். மறுநாள் போனபோது அதைத் தலைகீழாகத் தட்டினார். முதலில் கருங்கரி வந்தது. அப்புறம் கட்டி கட்டியாகக் காய்ந்த சேறு, செம்மண் நிறத்தில். எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கும் அதே கோட்டின் நிறம். தம்பி குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தான். அதன் பிறகு அவன் சேம்பர் பற்றிப் பேசவில்லை. சம்மதித்தான் என்று சொல்லமாட்டேன். பேசவில்லை, அவ்வளவுதான்.

சிலிண்டரைக் கடைந்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டார்கள். வெள்ளத்தில் துரு பிடித்திருந்த கிராங்க் பேரிங்கும் எண்ணெய் சீல்களும் மாறின. காற்று வடிகட்டிப் பெட்டி பழையபடி வந்தது. இரண்டு வாரம் ஆனது.

சனிக்கிழமை காலை ஓட்டிப் பார்க்க நான்தான் ஏறினேன். கல்லூரி நாளில் இதே வண்டியில் கிளட்ச் பழகியவள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பாதி முறுக்குக்கு மேல் போகக் கூடாது என்பது அண்ணனின் கட்டளை. தம்பி தன் சின்ன வண்டியில் பின்னால் வந்தான்.

கிள்ளானிலிருந்து கிளம்பிக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதைக்குள் நுழைந்தால் அது வேறோர் உலகம். உலகிலேயே மோட்டார்களுக்கென்று தனியாகப் போடப்பட்ட முதல் பாதை இது என்பார்கள். 1970-களில் உலக வங்கி உதவியோடு தொடங்கியது. காரில் போகிறவர்களுக்கு இது ஓரத்தில் ஓடும் ஒரு கோடு. உள்ளே வந்தால்தான் தெரியும், எவ்வளவு குறுகல், எவ்வளவு திருப்பம் என்று. சாலைச் சந்திப்பு வரும் இடமெல்லாம் பாதை தரைக்குக் கீழே இறங்கி, குகைபோன்ற சுரங்க வழியில் புகுந்து, மறுபக்கம் ஏறுகிறது. சிலவற்றில் பகலிலும் இருட்டு. மழை வந்தால் ஐம்பது அறுபது பேர் அதற்குள் ஒதுங்கி நிற்பார்கள், வேலைச் சட்டையோடு, சாப்பாட்டுப் பெட்டியோடு. வேகமாக வருகிறவனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். சுரங்கத்துக்கு முன் ஹார்ன் அடி, வெளிச்சம் போடு, வலது ஓரம் விடு என்பது அப்பாவின் சட்டம்.

முதல் சுரங்கத்தில் நுழைந்ததும் எஞ்சின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அலறலாக இல்லை, தொண்டையைச் செருமுவதுபோல் கனமாக இருந்தது. அம்மா அடுப்பில் சோற்றை இறக்குவதற்கு அடையாளமாக வைத்திருந்த சத்தம். எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் லாரிப் புகைதான் காரணம், ஷா ஆலம் பக்கம் காலையிலேயே அப்படித்தான்.

பத்து தீகாவில் வேகத்தைக் குறைத்தேன். 1968-இல் திறந்த பந்தயத் திடல் இங்கே இருந்தது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் பந்தயம் இங்கேதான். ரெயினி, டூஹன் எல்லாம் 500 சி.சி. டூ ஸ்ட்ரோக்கில் பறந்த இடம். சிப்பாங் வந்த பிறகு இது ஓய்ந்து, 2003-இல் இடிபட்டது. இப்போது வீடுகள். பந்தய நாளில் சத்தம் இந்தப் பாதை வரைக்கும் கேட்கும், வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி நின்று கேட்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். டிக்கெட் வாங்கி உள்ளே போனீர்களா என்றால், "கேக்கிறது இலவசம்தானே" என்பார்.

அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தம்பி என்னை முந்திப்போய்க் கையைக் காட்டினான். இருவரும் நின்றோம். தார்ச்சாலையில் ஒரு கறுப்புக் கோடு, பின்சக்கரம் நின்று இழுத்துக்கொண்டு போனது, இத்தனை மாதம் கழித்தும் மங்கலாக இருந்தது. அவன் அதை எட்டு அடி எடுத்து நடந்து அளந்தான். கோடு முடியும் இடத்தில் இரும்புத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கார்கள் பறக்கும் பெரிய சாலை.

"பின்னால ஒரு லாரிக்காரர் இருந்தாருக்கா, அந்தப் பக்கம். நான் தடுப்புல மோதினதைப் பார்த்துட்டு நிறுத்தி, இறங்கி வந்தார். அவர்தான் ஹெல்மெட்டைக் கழட்டிவிட்டார்." இதை அவன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மணிக்கட்டு முறிந்ததை மட்டும்தான் சொல்லியிருந்தான்.

சுபாங் வரை போய்த் திரும்பினோம். வழியில் அவனிடம் வண்டியைக் கொடுத்தேன். இரண்டு விரலைக் கிளட்ச்சில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொண்டான்.

ஸ்ரீ மூடாவில் எங்கள் தெரு முனையில் திரும்பியபோது அப்பா கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காதுக் கருவி மேசைமேல் கிடந்தது. நாங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டதாக அம்மா பிறகு சொன்னார். வண்டி நின்றதும் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பிளக் சாவியை எடுத்துவந்தார். சூட்டோடு கழற்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நுனியை வெயிலில் பிடித்தார்.

"கொஞ்சம் கறுப்பு. கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கணும்."

"சரிப்பா. சாவி?" என்று தம்பி கை நீட்டினான்.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஆகட்டும். அதுவரைக்கும் எங்கிட்ட கேட்டு எடு."

வண்டியின் மீட்டர் வெள்ளத்தோடு நின்றுபோனது, இன்னும் மாற்றவில்லை. அப்பா உள்ளே போய் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து வந்து, பின்பக்கத்தில் தேதியைப் போட்டார். கிள்ளான், சுபாங், வீடு. "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். தம்பி தொலைபேசியில் பார்த்து முப்பத்தெட்டு என்றான். அப்பாவுக்குக் கேட்கவில்லை. விரலால் காட்டினான்.